கீச்சுக்குரல் எப்போது மனிதக்குரலாகும்? காக்ளியர் இம்ப்ளான்ட்: வாசகர் கேள்வி பதில்

காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக மாற்றி உள்காதின் நரம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தியவர்கள் முதல் சில மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: குரல் ஏன் இப்படிக் கீச்சென்று கேட்கிறது, இது மாறுமா, மாறாதா? அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பல வருடமாகக் காது மந்தமாகிக்கொண்டே வந்து, கடைசியில் ஹியரிங் எய்டும் உதவாமல் போனதால் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தோம். போன வாரம் சுவிட்ச் ஆன் செய்தார்கள். சத்தம் கேட்கிறது, ஆனால் எல்லார் குரலும் கார்ட்டூன் பொம்மை பேசுகிற மாதிரி கீச்சென்று இருக்கிறதாம். என் அம்மா பேசுவதும் என் சின்ன மகன் பேசுவதும் அவருக்கு ஒரே மாதிரி கேட்கிறது. "இதுக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்" என்று கழற்றி வைத்துவிட்டார். ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லை. சத்தம் கேட்கிறது, பேச்சு என்று அடையாளம் தெரிகிறது, அது கீச்சென்று இருக்கிறது. சுவிட்ச் ஆன் செய்த முதல் வாரத்தில் இது நல்ல தொடக்கம்தான். இதே வார்த்தைகளில் இதே புகாரை என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர், அவர்களில் பலர் இன்று ஃபோனில் பேசுகிறார்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஏன் கீச்சென்று கேட்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தவர்கள் பொறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்காதில் காக்ளியா என்ற சுருண்ட குழாய் இருக்கிறது. இரண்டரைச் சுற்று, நீட்டி வைத்தால் சுமார் 35 மில்லிமீட்டர். அதைச் சுருட்டி வைத்த ஓர் ஆர்மோனியம் என்று நினைத்துக்கொள்ளலாம். வாசல் பக்கம் மிகக் கூர்மையான சுருதி, உள்ளே போகப் போகத் தணிந்துகொண்டே வந்து, கடைசிச் சுழலில் மிகக் கனமான சுருதி. எந்த இடத்து நரம்பு துடிக்கிறதோ அந்தச் சுருதி கேட்கிறது என்று மூளை சின்ன வயதிலிருந்தே கணக்கு வைத்திருக்கிறது.

இப்போது இம்ப்ளான்டின் எலக்ட்ரோடு வரிசையை, அதாவது நரம்புக்கு மின்துடிப்பு கொடுக்கும் முனைகளின் வரிசையை, வாசல் பக்கமிருந்துதான் உள்ளே செலுத்துகிறார்கள். பெரும்பாலும் அது உச்சிவரை போவதில்லை. 25 மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தால் அதன் நுனி இருக்கும் இடம் இயல்பான காதில் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 500 அதிர்வுகளுக்கு) உரிய இடம். 20 மில்லிமீட்டர்தான் போயிருந்தால் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் பேச்சின் கனமான பகுதிகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட முடியாது. அதனால் வெளியே காதில் மாட்டியிருக்கும் ப்ராசஸர் பேச்சின் முழு வீச்சையும், உதாரணமாக 22 எலக்ட்ரோடு உள்ள ஒரு வகைக் கருவியில் வழக்கமாக 188 ஹெர்ட்ஸ் முதல் 7938 ஹெர்ட்ஸ் வரை, இருக்கிற எலக்ட்ரோடுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறது. 200 ஹெர்ட்ஸ் ஒலி, 500க்கோ ஆயிரத்துக்கோ உரிய நரம்பின் வாசலில் போய் நிற்கிறது. மொத்தப் பேச்சும் ஒரு ஸ்தாயி (அதாவது இரண்டு மடங்கு அதிர்வெண்), சிலருக்கு அதற்கும் மேல், தூக்கி வைக்கப்பட்டுவிடுகிறது.

அது ஏன் குழந்தைக் குரல் போல இருக்க வேண்டும்? தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாய் குழந்தைகளுக்குக் குட்டை, அதனால் அவர்கள் பேச்சில் ஒலி வலுத்து நிற்கும் இடங்கள் எல்லாம் பெரியவர்களைவிட மேலே இருக்கும். பேசுகிறவர் பெரியவரா சிறியவரா என்று மூளை கணிப்பதற்கு அவை முக்கியமான தடயம். இம்ப்ளான்ட் எல்லாருடைய தடயத்தையும் மேலே தள்ளிவிடுவதால் உங்கள் அம்மாவும் மகனும் ஒரே வயதுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இது மாறும். பேச்சு புரிவது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வேகமாகக் கூடி, பிறகு ஒரு வருடம் வரை மெதுவாக முன்னேறும். குரல் 'இயல்பாக' ஆவது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். ஆனால் அலமாரியில் இருக்கும் கருவிக்கு மூளை பழகாது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் அது காதில் இருக்க வேண்டும், முதல் வாரங்களில் களைப்பாகத்தான் இருக்கும், நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி: டிவி ஓடாத ஓர் அறையில் அம்மா எதிரே உட்கார்ந்து, பத்திரிகையிலிருந்து ஒரு பத்தியைச் சாதாரண வேகத்தில் வாசிக்கட்டும். அதே பத்தியின் மேல் அப்பா விரலை வைத்துத் தொடரட்டும். அம்மா வரியின் நடுவில் எங்காவது சட்டென்று நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் நின்றார் என்று அப்பா விரலால் காட்ட வேண்டும். கேட்கிற கீச்சொலிக்கு உரிய சொல் அந்த நொடியே கண்முன் இருப்பதுதான் இதில் முக்கியம். சில நாள் கழித்து விரல் தானாகவே சரியான இடத்தில் நிற்கத் தொடங்கும், அப்புறம் பத்திரிகையை மூடிவிட்டுத் தெரிந்த விஷயங்களைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் புரியாத ஒன்று. எலக்ட்ரோடு இருக்கும் இடம் மாறவில்லை, நரம்பும் அதேதான், போகும் மின்துடிப்பும் அதேதான். பிறகு சுருதி மட்டும் எப்படி மாறும்? "பழகிவிட்டது" என்று சொல்பவர்கள் சமாதானத்துக்காக அப்படிச் சொல்கிறார்களா, அல்லது உண்மையிலேயே அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கிறதா?

பதில்: இது ஆராய்ச்சியாளர்களே நெடுநாள் கேட்ட கேள்வி. காக்ளியாவில் இடத்துக்கு இடம் சுருதி மாறுகிறது என்பது பழைய, உறுதியான அறிவு, கியோர்க் வான் பேகஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்ததே காக்ளியாவுக்குள் ஒலி அலை எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான். அதனால் ஒரு எலக்ட்ரோடு தரும் சுருதி அதன் இடத்தோடு கட்டிப்போடப்பட்டது, வாழ்நாள் முழுக்க அதே சுருதிதான் கேட்கும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

இதைச் சோதிப்பது எப்படி என்று பாருங்கள். முற்றிலும் செவிடானவரிடம் "இந்த எலக்ட்ரோடு என்ன சுருதியில் கேட்கிறது" என்று கேட்டால் அவர் எதோடு ஒப்பிட்டுச் சொல்வார்? அதனால் மறு காதில் இயற்கையான கேட்கும் திறன் மிச்சம் இருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரை அமைதியான அறையில் உட்கார வைத்து, இம்ப்ளான்டின் ஒரே ஒரு எலக்ட்ரோடில் அரை நொடி துடிப்பு, பிறகு மறு காதில் ஹெட்ஃபோன் வழியாக ஒரு சுத்தமான ஒலி. எது மேல் சுருதி? அவர் ஒரு பட்டனை அழுத்துகிறார். ஒலியைக் கொஞ்சம் ஏற்றி, இறக்கி, வரிசையைக் கலைத்து, மறுபடி மறுபடி கேட்கிறார்கள். அவரால் மேலா கீழா என்று சொல்ல முடியாமல் தடுமாறும் இடம்தான் அந்த எலக்ட்ரோடின் சுருதி. சலிப்பூட்டும் வேலை, ஆனால் கிடைப்பது ஹெர்ட்ஸில் ஓர் எண். சமாதானத்துக்குச் சொல்வதற்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் லினா ரீஸ், கிறிஸ்டோபர் டர்னர், புரூஸ் கான்ட்ஸ் முதலானவர்கள் இப்படி அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். அவர்கள் பார்த்தது, வெறும் 10 மில்லிமீட்டர் அளவுக்கே உள்ளே போகும் குட்டை எலக்ட்ரோடு பொருத்தியவர்களை. கனமான ஒலிகள் இயல்பாகவே கொஞ்சம் கேட்பவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. 10 மில்லிமீட்டரில் இருக்கும் நரம்பு சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு உரியது, ஆனால் ப்ராசஸர் அங்கே அனுப்புவதோ அதைவிட வெகு கீழே உள்ள ஒலிகளை. சுவிட்ச் ஆன் செய்த காலத்திலிருந்து ஐந்து வருடம் வரை வெவ்வேறு கட்டங்களில் அளந்தபோது, பலருக்குச் சுருதி நகர்ந்திருந்தது, சிலருக்கு இரண்டு ஸ்தாயி வரை. இரண்டு ஸ்தாயி என்றால் அதிர்வெண் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே எலக்ட்ரோடு, அதே இடம்.

எந்தத் திசையில் நகர்ந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. மேலே கேட்ட சுருதி, ப்ராசஸர் அந்த எலக்ட்ரோடுக்கு ஒதுக்கியிருந்த ஒலியை நோக்கி இறங்கி வந்த போக்கைத்தான் பார்த்தார்கள். அதாவது, நரம்பு ஒன்றைச் சொல்கிறது, எதிரே பேசுகிற ஆளின் வாயசைவும், வாக்கியத்தின் பொருளும், மறு காதும் சேர்ந்து வேறொன்றைச் சொல்கின்றன, நாள் முழுக்க இந்த முரண்பாட்டைச் சந்திக்கும் மூளை கடைசியில் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது என்றுதான் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

பேச்சு புரிவதிலும் இதே போன்ற திருத்தத்தைப் பார்க்கலாம். 'ஈ' என்று சொல்லும்போது ஒலி வலுக்கும் இடங்களில் ஒன்று இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, 'ஊ' என்னும்போது அது ஆயிரத்துக்கும் கீழே வந்துவிடும். எல்லாம் மேலே தள்ளப்பட்டால் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். லண்டனில் ஸ்டூவர்ட் ரோசனும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகக் காது கேட்பவர்களுக்கு, இம்ப்ளான்ட் போலவே சில அதிர்வெண் பட்டைகளாகச் சுருக்கி, காக்ளியாவில் 6.5 மில்லிமீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமமாக மேலே ஏற்றிய பேச்சைக் கொடுத்தார்கள். முதலில் வாக்கியங்களில் ஏறக்குறைய ஒரு சொல்லும் புரியவில்லை. ஒருவர் அந்தக் குரலில் பேச, இவர் திருப்பிச் சொல்ல என்று மொத்தம் மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு முப்பது சதவீதம் சொற்கள் புரிந்தன. மூன்றே மணி நேரம்! இம்ப்ளான்ட் வைத்தவர் அதே மாதிரி ஒலியை நாள் முழுக்க, மாதக்கணக்கில் கேட்கிறார்.

எல்லாருக்கும் இப்படி நகர்கிறது என்று சொல்லமாட்டேன். ரீஸ் குழுவினர் பிறகு ஒரு காதில் இம்ப்ளான்டும் மறு காதில் ஹியரிங் எய்டும் உள்ளவர்களை அளந்தபோது, சிலருக்கு எதிர்பார்த்த திசையில் நகர்ந்தது, சிலருக்கு எல்லா எலக்ட்ரோடும் ஒன்றாகக் கனத்துத் தாழ்ந்துபோனது, சிலருக்கு ஒன்றுமே மாறவில்லை. எலக்ட்ரோடு ஆழமாகப் போயிருப்பவர்களுக்கு முரண்பாடே குறைவு, அதனால் திருத்த வேண்டியதும் குறைவு. இன்னொன்று, சுருதி நகராவிட்டாலும் பேச்சு நன்றாகப் புரியலாம். கீச்சென்று இருக்கிற குரலிலேயே சொற்களைப் பிடித்துக்கொள்ள மூளை கற்றுக்கொண்டுவிடும்.

கேள்வி: எனக்கு வலது காதில் இம்ப்ளான்ட், இடது காதில் ஹியரிங் எய்டு. ஃபோன் மணி அடித்தால் இரண்டு காதிலும் இரண்டு வேறு சுருதியாகக் கேட்கிறது. தலைவலி வருகிறது. "ஹியரிங் எய்டைக் கழற்றிவிடு, அப்போதுதான் இம்ப்ளான்ட் காது பழகும்" என்கிறார் என் நண்பர். கழற்றலாமா?

பதில்: நிரந்தரமாகக் கழற்ற வேண்டாம். உங்கள் இடது காது பழைய, சரியான கணக்கை இன்னும் வைத்திருக்கிறது. வலது காது எந்த ஒலியை எங்கே வைக்க வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்வதற்கு அதுவும் ஒரு துணை. அதோடு, குரலின் ஏற்ற இறக்கமும் மெட்டும் இம்ப்ளான்டைவிட அந்தக் காதில் எவ்வளவோ நன்றாகக் கிடைக்கும், கொஞ்சமாகக் கேட்டால்கூட.

நண்பர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரம், பயிற்சிக்கு மட்டும், ஹியரிங் எய்டைக் கழற்றிவிட்டு இம்ப்ளான்டை மட்டும் வைத்துக் கேளுங்கள். நாம் சுலபமான காதையே சார்ந்துவிடுவது இயல்பு. மற்ற நேரமெல்லாம் இரண்டும் இருக்கட்டும். இரண்டு கருவிகளின் சத்த அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று உங்கள் ஆடியாலஜிஸ்டை (கேட்புத்திறன் நிபுணரை) பார்க்கச் சொல்லுங்கள், தலைவலிக்குப் பல சமயம் சுருதியைவிட இதுதான் காரணம்.

இரண்டு சுருதியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். சிலருடைய மூளை மூன்று நான்கு ஸ்தாயி விலகி இருக்கும் ஒலிகளைக்கூட ஒன்றாகவே கலந்து கேட்பதாக அளந்திருக்கிறார்கள். அப்படிக் கலந்தால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு சுருதி, அது எந்தக் காதுக்கும் உண்மையானதில்லை. கூட்டமான இடங்களில் ஒரு காது மட்டும் தெளிவாக இருப்பதாகத் தோன்றினால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த மேப்பிங்கில் (ப்ராசஸரின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் நாளில்) சொல்லுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எந்த ஒலி போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில்தானே முடிவு செய்கிறார்கள்? அப்படியானால் இயல்பான இடத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி முதலிலேயே வைத்துவிட்டால் இந்த அவஸ்தையே இருக்காதே! ஏன் அப்படிச் செய்வதில்லை?

பதில்: செய்ய முடியும், சில இடங்களில் செய்தும் பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிடி ஸ்கேன் எடுத்து, ஒவ்வொரு எலக்ட்ரோடும் காக்ளியாவில் எந்தச் சுழலில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக்கு உரிய ஒலியையே அதற்குக் கொடுப்பது. எலக்ட்ரோடு ஆழமாகப் போயிருந்தால் இது நல்ல வழி. குட்டையாக நின்றுவிட்டால் சிக்கல்: நுனி எலக்ட்ரோடு 800 ஹெர்ட்ஸ் இடத்தில் இருக்கிறது என்றால், அதற்குக் கீழே உள்ள ஒலிகளை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? விட்டுவிட்டால் குரல் கீச்சென்று இருக்காது, ஆனால் பேச்சின் ஒரு பகுதியே காணாமல் போய்விடும். இடம் மாறிக் கேட்பது பழகிவிடும், வராத ஒலிக்கு எப்படிப் பழகுவது? அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு முழு வீச்சையும் கொடுத்துவிட்டு, மீதியை மூளையிடம் விடுகிறோம்.

மூளையின் அந்தத் திறமைக்கும் எல்லை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் ச்யன்-ஜீ ஃபூ, ராபர்ட் ஷானன், ஜான் கால்வின் மூவரும், ஏற்கெனவே இம்ப்ளான்டுக்கு நன்றாகப் பழகியிருந்த சிலருக்கு ஒலி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே மாற்றி வைத்து மூன்று மாதம் அதையே பயன்படுத்தச் சொன்னார்கள். 2002இல் வந்த ஆய்வு. மாற்றிய அன்று பேச்சு புரிவது சரிந்தது, முதல் சில நாட்களில் நிறைய மீண்டது, அதற்குப் பிறகு மெதுவாகிவிட்டது, பழைய நிலையை முழுதாக எட்டவில்லை.

இங்கே கூகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் எரிக் நட்சன் கூகைகளின் கண்ணுக்குப் பார்வையை ஒரு பக்கமாகத் தள்ளும் பட்டகக் கண்ணாடி மாட்டி, பார்ப்பதையும் கேட்பதையும் ஒன்றுக்கொன்று விலக்கி வைத்தார். குஞ்சுகள் பழகிக்கொண்டன, வளர்ந்த கூகைகள் பழகத் திணறின. ஆனால் விலகலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனபோது வளர்ந்தவையும் வெகுவாகப் பழகிவிட்டன என்று 2002இல் காட்டினார்கள். ஒரு படிக்குப் பழகிய பிறகே அடுத்த படி என்பதுதான் இதில் பாடம், அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு வாரமும் "குரல் சரியில்லை, ஒதுக்கீட்டை மாற்றுங்கள்" என்று கேட்டு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பழகத் தொடங்கிய மூளையைத் திரும்பத் திரும்ப முதல் படிக்கு அனுப்புகிற வேலை அது. சத்த அளவுகளைத் திருத்துவது வேறு, அதற்கு முதல் மாதங்களில் அடிக்கடி போகத்தான் வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்றரை வயதில் இம்ப்ளான்ட் வைத்தோம். பெரியவர்கள் சொல்வதைப் படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. என் குரல் அவளுக்குக் கார்ட்டூன் குரலாகத்தான் கேட்கிறதா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கார்ட்டூன் குரல் என்று சொல்ல, அதற்கு முன் வேறு குரல் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மகளின் மூளையில் பழைய கணக்கு ஒன்று இல்லை, இம்ப்ளான்ட் எதைக் கொடுக்கிறதோ அதை வைத்துத்தான் முதல் கணக்கையே எழுதுகிறது. அவளுக்கு உங்கள் குரல் என்றால் அதுதான்.

பிறவியில் கேட்காத குழந்தைகளின் மூளையை அளந்த அனு சர்மாவின் ஆய்வுகளில், மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மூளையின் கேட்கும் பாதை நன்றாக வளர்ந்தது தெரிகிறது. நீங்கள் அதற்கு வெகு முன்பே வைத்துவிட்டீர்கள். கவனம் தேவைப்படுவது வேறொன்றில்: குரலின் ஏற்ற இறக்கம். "சரி" என்று ஒப்புக்கொள்வதும், "சரி...?" என்று இழுத்துக் கேட்பதும் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியக் கொஞ்சம் காலமாகலாம். அவளிடம் பேசும்போது ஏற்ற இறக்கத்தைத் தாராளமாகப் போடுங்கள், முகத்தையும் காட்டுங்கள், பாட்டுப் பாடுங்கள், கதை சொல்லும்போது கரடிக்கு ஒரு குரல் குருவிக்கு ஒரு குரல் வையுங்கள்.

கேள்வி: இருபது வருடம் மேடையில் பாடியவன் நான். காது போய் இம்ப்ளான்ட் வைத்து ஒரு வருடம் ஆகிறது. பேச்சு நன்றாகப் புரிகிறது, மனைவியின் குரலும் இப்போது இயல்பாகிவிட்டது. ஆனால் நானே பாடிய பாட்டைப் போட்டுக் கேட்டால் தாளம் மட்டும்தான் தெரிகிறது, மெட்டு இல்லை. சுருதி பழகும் என்கிறார்களே, இன்னும் எத்தனை காலம்?

பதில்: உங்களுக்கு இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை, ஆனால் பூசி மெழுகினால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். இதுவரை பேசிக்கொண்டிருந்த பழக்கம் ஒரு விஷயம், மெட்டு வேறு விஷயம். குரல் மொத்தமாக மேலே இருந்தது, கீழே இறங்கி வந்துவிட்டது, அது உங்களுக்கு நடந்துவிட்டது. மெட்டுக்குத் தேவை அடுத்தடுத்த இரண்டு சுரங்களைப் பிரித்துக் கேட்கும் நுணுக்கம். பன்னிரண்டு சுரஸ்தானங்களில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு இடையே அதிர்வெண் வித்தியாசம் சுமார் ஆறு சதவீதம்தான். அந்த நுணுக்கம் கருவியிலிருந்தே முழுதாக வருவதில்லை, வராததைப் பழக்கம் உண்டாக்கித் தராது.

காதுக்குச் சுருதி இரண்டு வழியில் தெரியும், எந்த இடத்து நரம்பு என்பது ஒன்று, அது எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பது இன்னொன்று. வில்லியம் ஹவுஸ் 1961இல் தொடங்கி வைத்த ஒற்றை எலக்ட்ரோடு முறையில் இடம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வேகம் மட்டும்தான். மின்துடிப்பின் வேகமோ பெரும்பாலானவர்களுக்கு நொடிக்கு 300 வரைதான் சுருதியாகத் தெரிகிறது, அதற்கு மேல் எல்லாம் ஒன்றுபோலாகிவிடும். கிரேம் கிளார்க் 1978இல் மெல்பர்னில் பல எலக்ட்ரோடு கருவியைப் பொருத்தியபோது இடமும் கிடைத்தது. ஆனால் 22 எலக்ட்ரோடு இருந்தாலும், காக்ளியாவின் திரவத்தில் மின்சாரம் பரவி ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைவதால், பேச்சைக் கேட்கையில் தனித்தனியாகப் பயன்படுவது ஏழெட்டு வழிகள் அளவுக்கே என்று அளந்திருக்கிறார்கள். பேச்சுக்கு அது போதும், நான்கே பட்டைகளில் சுருக்கிய பேச்சைக்கூடக் காது கேட்பவர்கள் புரிந்துகொள்கிறார்கள் என்று ஷானன் குழுவினர் 1995இலேயே காட்டிவிட்டார்கள். மெட்டுக்குப் போதாது. பல இம்ப்ளான்ட் பயனாளிகளுக்கு மூன்று நான்கு சுரஸ்தானம் தள்ளி இருந்தால்தான் எது மேல் எது கீழ் என்று சொல்ல முடிகிறது.

அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. மறு காதில் கனமான ஒலிகள் துளியாவது கேட்டால் உடனே அதற்கு ஹியரிங் எய்டு வையுங்கள். ஒரு மெட்டை அடையாளம் காண்பதில் அந்தத் துளி செய்யும் உதவி பெரிது. பல வாத்தியங்கள் சேர்ந்த பதிவைத் தள்ளி வையுங்கள், ஒரு குரல் அல்லது ஒரு புல்லாங்குழல், உங்களுக்கு மனப்பாடமான பாட்டு, வரிகள் கையில், மெதுவான காலம். உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: பாட்டு உங்கள் நினைவில் முழுசாக இருக்கிறது. கருவி தரும் குறையான குறிப்பை வைத்து நினைவு மீதியை நிரப்புகிறது என்று பல பாடகர்கள் சொல்கிறார்கள். பயிற்சி செய்தவர்கள் மெட்டை அடையாளம் காண்பதில் முன்னேறுவதும், பாட்டை ரசிப்பது கூடுவதும் உண்மை. ஆனால் ஒரு வருடம் கழித்து பழைய நுணுக்கம் அப்படியே திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், உங்கள் உழைப்புப் போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம். குறை கருவியில் இருக்கிறது.

கேள்வி: நேற்று என் கணவரின் குரல் அப்படியே பழைய குரலாகக் கேட்டது, சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். இன்று காலை மறுபடி தகரக் குரல். பின்னால் போகிறேனா?

பதில்: இல்லை. நான் மேலே சொன்ன 2007 ஆய்விலேயே, ஒரே ஆளுக்கு ஒரே எலக்ட்ரோடின் சுருதி ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் இடையில் ஒரு ஸ்தாயி வரை முன்னும் பின்னுமாக ஆடியது. மெதுவான நகர்வு தனி, இந்த ஆட்டம் தனி. தூக்கம் இல்லாத நாளில், களைப்பில், சத்தமான இடத்தில் குரல் மறுபடி அந்நியமாகத் தோன்றலாம். ஒரு நாளை வைத்து எடைபோடாமல், போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் குரல் சட்டென்று மாறி, இரண்டு மூன்று நாளாகியும் அப்படியே இருந்தால், முதலில் ப்ராசஸரின் மைக் மூடியில் அழுக்கோ ஈரமோ இருக்கிறதா, தலையில் ஒட்டும் காயிலின் வயர் நைந்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்று வயர் இருந்தால் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம் போய் எலக்ட்ரோடுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு வேலை செய்யாமல் போயிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி மேப்பிங் செய்வார். காதில் வலி, தலைசுற்றல், பேச்சைக் கேட்கும்போது முகத்தில் துடிப்பு, காயில் ஒட்டும் இடத்தில் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் மேப்பிங்குக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள்.